சராசரியா 17-வது இடம்... ஆனாலும் சாம்பியன்! நாஸ்கார் புள்ளிப் பட்டியலை எப்படிப் படிப்பது?

2024 அக்டோபர் 13. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் ஷார்லட் டிராக்கில் ரேஸ் முடிந்துவிட்டது. ஜெயித்தவர் கைல் லார்சன். அந்த சீசனில் அவருக்கு அது 6-வது வெற்றி. இன்னொரு பக்கம், சில புள்ளிகளில் பிளே-ஆஃபிலிருந்து வெளியேறிவிட்ட ஜோயி லகானோ, 'இந்த வருஷம் நமக்கில்லை' என்ற கணக்கில்தான் செய்தியாளர்களிடம் பேசினார்.

அன்றைக்கே கதை மாறியது. லகானோவுக்கு முன்னால் இருந்த அலெக்ஸ் போமனின் 48-ம் நம்பர் காரை ரேஸுக்குப் பிறகு எடை போட்டார்கள். விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடைகூட இல்லை. போமன் தகுதிநீக்கம், லகானோ உள்ளே!

சரியாக நான்கு வாரம் கழித்து லகானோதான் சாம்பியன். 6 ரேஸ் ஜெயித்த லார்சன் கடைசி நான்கு பேரில்கூட இல்லை. அந்த சீசனில் லகானோ சராசரியாக முடித்த இடம் 17.1. நாஸ்கார் சாம்பியன்களில் இவ்வளவு மோசமான சராசரி வேறு யாருக்கும் கிடையாது.

அதெப்படி? இதைப் புரிந்துகொண்டால் நாஸ்காரின் புள்ளிப் பட்டியலே பிடிபட்டுவிடும்.

முதல்ல அடிப்படை

நாஸ்கார் என்பது அமெரிக்காவின் ஸ்டாக் கார் ரேஸ் அமைப்பு. ஷோரூமில் நிற்கும் கார் மாதிரியே வெளித்தோற்றம் இருக்கும் என்பதால் ஸ்டாக் கார். ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமாரோ, டொயோட்டா கேம்ரி என மூன்று முகங்கள். உள்ளே இருப்பது முழுக்க முழுக்க ரேஸுக்காகவே செய்யப்பட்ட வண்டி. அதன் உச்ச தொடர்தான் கப் சீரிஸ். பிப்ரவரியில் ஆரம்பித்து நவம்பர் வரை 36 புள்ளி ரேஸ்கள். பெரும்பாலும் ஓவல் டிராக். ஒரு சுற்று அரை மைலைச் சற்றே தாண்டும் மார்ட்டின்ஸ்வில் முதல் 2.66 மைல் நீளும் டலடேகா வரை ஒவ்வொன்றும் ஒரு ரகம்.

(தமிழ்நாட்டுக்கும் நாஸ்காருக்கும் ஒரு சின்ன பந்தம் உண்டு. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் இதன் டிரக் தொடரில் ஓட்டினார். ரசிகர்கள் ஓட்டுப்போட்டு, அந்த வருஷத்தின் அபிமான டிரைவராகவும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.)

சனிக்கிழமைக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தின நாள் குவாலிஃபையிங். ஓவல் டிராக்குகளில் ஒரு கார் தனியாகப் போய் நேரம் பதிவு செய்யும். 2024 முறைப்படி கார்களை இரண்டு குரூப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகமான ஐந்து பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அந்த பத்து பேரில் வேகமானவருக்கு போல் பொசிஷன், அதாவது முதல் வரிசையில் முதல் இடம்.

இங்கேதான் ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவார்கள். அங்கே போல் எடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கே 400, 500 மைல் ஓடி முடிப்பதற்குள் முன்னணி பலமுறை கை மாறும். போல் எடுத்ததற்காகத் தனிப் புள்ளி எதுவும் கிடையாது. உண்மையான பரிசு வேறு. குவாலிஃபையிங் வரிசைப்படிதான் பிட் ஸ்டாலைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டால், டயர் மாற்றிவிட்டுக் குறுக்கே யாரும் இல்லாமல் கிளம்பிவிடலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சமாகும் நேரம், கடைசி பிட் ஸ்டாப்பில் இரண்டு மூன்று இடங்களாக மாறும்.

டேடோனா 500 மட்டும் விதிவிலக்கு. அங்கே குவாலிஃபையிங் முதல் இரண்டு இடங்களை மட்டுமே தீர்மானிக்கும். மற்றவர்களின் இடம் டூயல் எனப்படும் இரண்டு தனி ரேஸ்களில் முடிவாகும்.

லகானோவின் 2024 அங்கேதான் அமர்க்களமாக ஆரம்பித்தது. டேடோனா போல் அவருடையது. ஆனால் ரேஸின் கடைசிக் கட்டத்தில் நடந்த பெரிய விபத்தில் சிக்கி, கார் நொறுங்கியது. அடுத்த வாரம் அட்லாண்டா. குவாலிஃபையிங்கில் 2-வது இடம். அப்புறம்தான் வெளியே வந்தது விஷயம்: அவருடைய இடதுகை கிளவுஸில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வாத்துக்கால் மாதிரி சவ்வு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையை ஜன்னல் பக்கம் விரித்து வைத்தால் உள்ளே வரும் காற்றைத் தடுக்கலாம், வேகம் துளி கூடும். தண்டனையாகக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். ரேஸ் தொடங்கியதும் பிட் சாலை வழியாக மெதுவாக ஒரு முறை போய்வரவும் வைத்தார்கள். கூடவே 10,000 டாலர் அபராதம். ஒரு கிளவுஸுக்கு!

ஒரு பட்டியல் இல்லை, இரண்டு

அந்த சீசனின் புள்ளிக் கணக்கு இதுதான். ஜெயித்தால் 40, இரண்டாவது இடத்துக்கு 35, அடுத்து 34, 33 என இறங்கி, கடைசியில் முடிப்பவர்களுக்கும் 1. இது போக, ஒவ்வொரு ரேஸும் வழக்கமாக மூன்று ஸ்டேஜாகப் பிரிந்திருக்கும். முதல் இரண்டு ஸ்டேஜ் முடிவிலும் முன்னால் இருக்கும் பத்து பேருக்கு 10-லிருந்து 1 வரை கூடுதல் புள்ளி. ஆக, ரேஸ் பாதியில் நன்றாக ஓட்டிவிட்டுக் கடைசியில் சுவரில் மோதியவருக்கும் பட்டியலில் ஏதாவது தேறும்.

இது ஒரு பட்டியல். இன்னொன்று பிளே-ஆஃப் புள்ளி. ரேஸ் ஜெயித்தால் 5, ஸ்டேஜ் ஜெயித்தால் 1. இது உண்டியல் மாதிரி. சேர்ந்துகொண்டே இருக்கும். பிளே-ஆஃப் ஆரம்பித்ததும் ஒவ்வொரு சுற்றிலும் கைகொடுக்கும். 26 ரேஸ் முடிவில் முதலிடத்தில் இருப்பவருக்கு இதில் 15 போனஸ், இரண்டாமவருக்கு 10.

2024-ல் இந்த 15-ஐ டைலர் ரெடிக் எடுத்தார். லார்சனை அவர் முந்தியது ஒரே ஒரு புள்ளியில். மே மாதம் லார்சன் இண்டியானாபோலிஸ் 500 ஓட்டப் போனார். அங்கே மழையால் தாமதமாகி, ஷார்லட்டில் நடந்த கோகோ-கோலா 600-க்கு அவர் வந்து சேர்ந்தபோது இங்கேயும் மழை. ரேஸ் நின்றது, மறுபடி தொடங்கவே இல்லை. அன்றைக்கு அவர் கணக்கில் பூஜ்ஜியம். ஒரு ரேஸைக்கூட தவறவிடாமல் ஓட்டியிருக்க வேண்டும் என்ற பிளே-ஆஃப் விதியிலிருந்து விலக்கு கிடைத்தது. போன புள்ளிகள் மட்டும் போனதுதான்.

34-வது இடத்திலிருந்து உள்ளே...

பிளே-ஆஃபுக்கு 16 பேர். யார் யார்? இங்கேதான் அந்த முறையின் உயிர்நாடி, சர்ச்சை இரண்டுமே. ஒரு ரேஸ் ஜெயித்தால் போதும், ஏறக்குறைய சீட் உறுதி. மிச்சமிருக்கும் இடங்கள்தான் புள்ளிக் கணக்குக்கு.

ஆகஸ்ட் மாதம் டேடோனாவில் ஹாரிசன் பர்ட்டன் ஜெயித்தபோது அவர் பட்டியலில் இருந்தது 34-வது இடத்தில். அடுத்த வருஷம் அந்த அணியில் அவருக்கு இடமில்லை என்றும் ஏற்கெனவே அறிவித்துவிட்டார்கள். ஒரே ராத்திரியில் பிளே-ஆஃப் வீரர்!

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்க. மே மாதம் கேன்சஸில் கிறிஸ் பியூஷரும் லார்சனும் ஒட்டிக்கொண்டே கோட்டைக் கடந்தார்கள். வித்தியாசம் 0.001 நொடி. கப் சீரிஸ் வரலாற்றிலேயே இதைவிட நெருக்கமான முடிவு இல்லை. ஜெயித்தது லார்சன். பியூஷர் அதன்பிறகு புள்ளியை நம்பித்தான் ஓடினார். 26-வது ரேஸில் சேஸ் பிரிஸ்கோ முதல் வெற்றியைத் தட்டி உள்ளே வர, பியூஷர் வெளியே. இரண்டு வாரம் கழித்து வாட்கின்ஸ் கிளெனில் அவர் ஜெயித்தார், ஆனால் அந்த வெற்றியால் அவருக்கு பிளே-ஆஃப் கதவு திறக்கவில்லை. 26 ரேஸ் சீராக ஓட்டியவர் வெளியே, ஒரு ராத்திரி மின்னியவர் உள்ளே என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

ஜெயித்தால் போதும் என்றால், எப்படி வேண்டுமானாலும் ஜெயிக்கலாமா? ரிச்மண்டில் கடைசிச் சுற்றில் ஆஸ்டின் டில்லன் முன்னால் போன லகானோவை இடித்துச் சுழற்றினார். அடுத்து டென்னி ஹாம்லினையும் இடித்து வெற்றிக் கோட்டைத் தாண்டினார். வெற்றியை விட்டுவைத்த நாஸ்கார், அதோடு வரும் பிளே-ஆஃப் தகுதியை மட்டும் பறித்தது.

லகானோவின் டிக்கெட் ஏற்கெனவே நாஷ்வில்லில் கிடைத்திருந்தது. ஐந்து முறை ஓவர்டைம் போன ரேஸ் அது. டேங்கில் பெட்ரோல் இருந்ததா, வாசனைதான் இருந்ததா என்கிற நிலையில் ஜெயித்தார். முதல் 26 ரேஸில் அவருக்கு அது ஒன்றுதான் வெற்றி.

கோட்டைப் பாருங்க

பிளே-ஆஃபில் மொத்தப் பட்டியலையும் படிப்பது வீண் வேலை. ஒரே ஒரு கோடுதான் முக்கியம். மூன்று ரேஸ் ஒரு சுற்று. சுற்றுக்கு நாலு பேர் வெளியே: 16, 12, 8, 4. ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகள் சமமாக்கப்பட்டு, உண்டியலில் இருப்பது மட்டும் கூடச் சேரும். சுற்றுக்குள் ஒரு ரேஸ் ஜெயித்தால் கணக்கே வேண்டாம், நேராக அடுத்த சுற்று. அதனால் ரசிகர்கள் யார் எத்தனையாவது என்று கேட்க மாட்டார்கள். கோட்டுக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்றுதான் கேட்பார்கள்.

லகானோ இதை மனப்பாடமாக வைத்திருந்தார் என்றே சொல்லலாம். முதல் சுற்றின் முதல் ரேஸ் அட்லாண்டாவில் வெற்றி. மீதி இரண்டு ரேஸ் கவலையில்லை. இரண்டாவது சுற்றில்தான் போமன் விவகாரம். மூன்றாவது சுற்றின் முதல் ரேஸ் லாஸ் வேகாஸ். பாதி ரேஸுக்கு மேல் முன்னால் ஓடியது கிறிஸ்டோஃபர் பெல். லகானோவோ பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து, கடைசி பிட் ஸ்டாப்பைத் தவிர்த்து ஜெயித்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் வெளியே போனவர், இப்போது இறுதிப் போட்டியில் இடம் பிடித்த முதல் ஆள்.

பெல்லுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். மார்ட்டின்ஸ்வில் கடைசிச் சுற்றில் ஒரு இடம் முந்தியதும், காரைச் சுவரோடு உரசவிட்டபடி வளைவைக் கடந்தார். 2022-ல் இதே டிராக்கில் ரோஸ் சாஸ்டைன் சுவரில் சாய்ந்தபடி முழு வேகத்தில் பாய்ந்து, ஒரே சுற்றில் ஐந்து பேரை முந்தி ஹாம்லினை வெளியேற்றியது உலகமெங்கும் வைரலானது. அதற்குப் பிறகு அந்த வித்தைக்குத் தடை. அந்தத் தடையின் பெயரில் பெல்லுக்குத் தண்டனை விழுந்து, வில்லியம் பைரன் உள்ளே போனார்.

ஐபிஎல் லீக் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு, குவாலிஃபையர் 1-ல் தோற்றாலும் இன்னொரு சான்ஸ் உண்டு. இங்கே கடைசி ரேஸுக்கு வரும் நாலு பேருக்கும் அது கிடையாது. உண்டியலும் காலி. நால்வரில் முன்னால் முடிப்பவர் சாம்பியன். நவம்பர் 10, பீனிக்ஸ். லகானோ குவாலிஃபையிங்கில் 2-வது. டீம் மேட் ரயன் பிளேனி கடைசிவரை துரத்தியும் 0.330 நொடியில் லகானோ ஜெயித்தார். மூன்றாவது பட்டம்.

அப்புறம் என்ன ஆச்சு?

இது லகானோவின் தப்பில்லை. தேர்வு எப்படியோ, தயாரிப்பும் அப்படித்தான். சிக்கல் கேள்வித்தாளில். அந்தக் கேள்வித்தாளும் ஒரு பழைய புகாருக்குப் பதிலாக வந்ததுதான். 2003-ல் மேட் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துச் சாம்பியன். 8 ரேஸ் ஜெயித்த ரயன் நியூமனுக்கு 6-வது இடம். 'ஜெயிப்பதற்கு மதிப்பே இல்லையா?' என்ற பேச்சுக்கு நடுவே, அடுத்த வருஷமே கடைசி 10 ரேஸைத் தனியாகப் பிரித்து சேஸ் என்ற முறை வந்தது. 2014-ல் அது இன்னும் இறுகி நாக் அவுட் ஆனது. சீராக ஓடியவருக்கு அதிகமாகக் கொடுத்தோமே என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு மதியத்துக்கு அதிகமாகக் கொடுப்பதில் வந்து நின்றது.

2025 இறுதிப் போட்டி அதை இன்னும் கொடூரமாகக் காட்டியது. 60 வெற்றிகள் கண்டும் ஒரு முறைகூட சாம்பியன் ஆகாத டென்னி ஹாம்லின், பீனிக்ஸில் போல் எடுத்து 208 சுற்றுகள் முன்னால் ஓடினார். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது பைரனின் டயர் வெடித்து மஞ்சள் கொடி. ஹாம்லின் நான்கு டயரும் மாற்றினார். லார்சன் இரண்டே மாற்றி முன்னால் வெளியே வந்தார். ரேஸை ஜெயித்தது பிளேனி. மூன்றாவதாக வந்த லார்சன் சாம்பியன், அன்று ஒரு சுற்றுகூட முன்னால் ஓடாமலே.

2026 ஜனவரியில் நாஸ்கார் பழைய சேஸ் முறையையே திரும்பக் கொண்டுவந்தது. நாக் அவுட் இல்லை. ஒரு வெற்றியால் தானாகக் கிடைக்கும் சீட்டும் இல்லை. புள்ளிக் கணக்கில் முதல் 16 பேர், கடைசி 10 ரேஸ், கூட்டிக் கழித்து அதிகம் எடுத்தவர் சாம்பியன். ஜெயிப்பவரை மறக்கவில்லை என்று காட்ட, வெற்றிக்கான புள்ளியை 40-லிருந்து 55 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். 26 ரேஸ் முடிவில் முதலிடம் பிடிப்பவர், இரண்டாமவரைவிட 25 புள்ளி முன்னிலையோடு அந்த 10 ரேஸைத் தொடங்குவார். ரெடிக் லார்சனை முந்திய அந்த ஒற்றைப் புள்ளிக்கு இனி அவ்வளவு மதிப்பு.