அடுத்தவர் குரலில் ஜெயித்த அண்ணன் தம்பிகள்

பீ ஜீஸ் என்றதும் பலருக்கும் வெள்ளை சூட்டும் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாட்டும்தான் ஞாபகம் வரும். அந்த சூட்கூட ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தில் ஜான் டிரவோல்டா போட்டது! பீ ஜீஸ் இசைக்குழுவின் கிப் சகோதரர்கள் டிஸ்கோவில் கொடிகட்டிப் பறந்தது சில வருஷம்தான். வாழ்நாள் முழுக்கச் சோறு போட்டது பாட்டு எழுதும் தொழில்.

மூத்தவர் பாரி. அவருக்கு மூன்று வயது இளையவர்கள், இரட்டையர்களான ராபினும் மாரிஸும். மேன் தீவில் பிறந்து, மான்செஸ்டரில் வளர்ந்து, 1958-இல் பெற்றோருடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். ரெட்கிளிஃப் ஊரின் கார் பந்தயத் திடலில் இடைவேளைகளில் பையன்கள் பாட, கூட்டம் காசு வீசும். 1967-இல் இங்கிலாந்து திரும்பிய கையோடு ‘மாசசூசெட்ஸ்’ பாட்டுக்கு அங்கே முதலிடம். 1969-இல் ராபின் பிரிந்துபோய், மறுவருஷம் திரும்பிவந்தார்.

பிறகு மார்க்கெட் சரிந்தது. 1975-இல் மயாமியில் ஒலிப்பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின், உச்சத்தில் கத்திப் பாட முடியுமா என்று கேட்டார். பாரிக்குள் இருந்த அந்தக் கீச்சுக் குரல் வெளியே வந்தது அப்போதுதான். 1977-இல் வெளியான ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ இசைத்தட்டு அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் நின்றது.

அளவுக்கு மீறினால் திகட்டத்தானே செய்யும்? 1979 ஜூலை 12 அன்று சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தே தகர்த்தார்கள். வானொலிகளும் பீ ஜீஸைக் கைகழுவின.

என் கணக்கில், இவர்களுடைய அசல் கெட்டிக்காரத்தனம் இதற்கப்புறம்தான் தெரிந்தது. அவர்கள் குரல்தானே வேண்டாம்? பாட்டு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லையே! பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு ‘வுமன் இன் லவ்’ (1980), டியான் வார்விக்குக்கு ‘ஹார்ட்பிரேக்கர்’ (1982), கென்னி ரோஜர்ஸ் - டாலி பார்ட்டன் ஜோடிக்கு ‘ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்’ (1983) என்று எழுதித் தள்ளினார்கள். முதலாவதும் கடைசியும் அமெரிக்காவில் முதலிடம். ‘ஹார்ட்பிரேக்க’ரைக் காதுகொடுத்துக் கேளுங்கள், பின்னால் ஒத்துப் பாடுவது பாரியேதான். எந்தக் குரலை ஒதுக்கினார்களோ, அதையே வானொலிகள் தெரிந்தோ தெரியாமலோ ஒலிபரப்பிக்கொண்டிருந்தன.

குடும்பத்தில்தான் அடி மேல் அடி. தனியாகப் பாடிப் புகழ்பெற்ற கடைக்குட்டி ஆண்டி 1988-இல் 30 வயதில் போனார். 2003-இல் மாரிஸ், 2012-இல் புற்றுநோயோடு போராடிய ராபின். மூத்தவர் மட்டும் மிஞ்சினார்.

2018-இல் பாரிக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 2021-இல் பழைய பாடல்களையெல்லாம் நாட்டுப்புற கன்ட்ரி பாணிக்கு மாற்றி, டாலி பார்ட்டன் முதலானவர்களைச் சேர்த்துக்கொண்டு ‘கிரீன்ஃபீல்ட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார். 74 வயதில், பிரிட்டனில் மறுபடியும் முதலிடம்.