‘கெட்’: ஒரு சொல், பல பொருள்கள்

‘ளரப’ என்றால் ‘அடித்தான்’ என்று ஸர்ஃப் பாடத்தில் படிக்கிறோம். அதே வினை குர்ஆனில் ‘மஸல்’ உடன் வந்தால் உதாரணம் கூறுதல். ‘ஃபில் அர்ள்’ உடன் வந்தால் பூமியில் பயணம் செய்தல். ஆங்கில ‘கெட்’டும் அப்படித்தான். ‘காட்’ என்பது அதன் இறந்தகாலம்.

ஐ காட் எ லெட்டர் – எனக்குக் கடிதம் கிடைத்தது.
கெட் மீ சம் வாட்டர் – எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா.
இட் இஸ் கெட்டிங் டார்க் – இருட்டிக்கொண்டு வருகிறது.
வீ காட் ஹோம் – வீடு வந்து சேர்ந்தோம்.
ஐ டோன்ட் கெட் யூ – நீங்கள் சொல்வது புரியவில்லை.

‘கெட் என்றால் பெறு’ என்று மட்டும் மனனம் செய்தவர், நேர்முகத் தேர்வில் கடைசி வாக்கியத்தைக் கேட்டால் திகைத்துப்போவார். எனவே சொல்லைத் தனியே அல்ல, வாக்கியத்தோடு மனனம் செய்யுங்கள். அரபு இலக்கணம் கற்ற மாணவர்களே, இந்த முறை உங்களுக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்.