தகரக் கூரையின் கீழ் ஒரு கோடை

கடந்த ஆண்டு கத்திரி வெயில் நாட்களில், முதியவர் ஒருவர் நினைவு தடுமாறிய நிலையில் எங்கள் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று, பத்து நாட்களுக்கு முன்னர்தான் நலமுடன் வீடு திரும்பியவர் அவர். பக்கவாதமாக இருக்குமோ என்று அவருடைய மகள் அஞ்சினார். ஆனால் அவரது உடல் வெப்பநிலை 104 டிகிரி பாரன்ஹீட்டைக் கடந்திருந்தது. வெளியில் எங்கும் செல்லாத அவருக்கு நேர்ந்தது வெப்பத் தாக்கு. கழிவறைக்கு அருகில் இருக்கட்டும் என்று, வீட்டின் பின்புறமுள்ள தகரக் கூரை அறையில் குடும்பத்தார் அவருக்குக் கட்டில் போட்டிருந்தனர். அன்பினால் செய்த ஏற்பாடுதான் அது.

அவர் பிழைத்தார். ஆயினும் அந்நிகழ்வு எங்களைச் சிந்திக்கவைத்தது. உப்பின் அளவு, நீரின் அளவு, மாத்திரை உண்ணும் நேரம் ஆகிய அனைத்தையும் சீட்டில் எழுதிக்கொடுத்த நாங்கள், அவர் எந்தக் கூரையின் கீழ் படுத்திருப்பார் என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம். இக்கட்டுரையும் அதன் பொருட்டே.

கூரை செய்யும் வேலை

மெல்லிய தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ வெயில் பட்ட சிறிது நேரத்திலேயே கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூடு அறையின் காற்றை மட்டும் வெப்பமாக்குவதில்லை. அடுப்பின் முன் நிற்பவரை அனல் தாக்குவதுபோல, கீழே படுத்திருப்பவரின் உடலை நேராகத் தாக்குகிறது. கூரை தாழ்வாக இருக்க இருக்க இத்தாக்கம் மிகும். நண்பகலில் இத்தகைய அறை, வெளியிலுள்ள மரநிழலைவிட வெப்பமாக இருக்கும். மாறாக, கான்கிரீட் தளம் மெதுவாகச் சூடேறி, பகலில் சேர்த்த வெப்பத்தை இரவில் வெளியிடுகிறது. ஆகவே தகரக் கூரை அறையில் பகற்பொழுதும், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் முன்னிரவும் கூடுதல் கவனத்துக்குரியவை.

நோயாளிக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

நம் உடல் இருவழிகளில் வெப்பத்தைக் குறைத்துக்கொள்கிறது. தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் பெருக்குவது ஒன்று. வியர்வையை ஆவியாக்குவது மற்றொன்று. முதல் வழிக்கு வலுவான இதயம் வேண்டும். இரண்டாவதற்கு உடலில் போதிய நீர் வேண்டும். முதியவர்களுக்குத் தாகவுணர்வு குறைவு. நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை இத்தற்காப்பை மேலும் தளர்த்தக்கூடும். எனினும் எம்மருந்தையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. காலைதோறும் எடை பார்த்து வாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, எழும்போது தலைசுற்றலும் இருந்தால், உடனே எங்களிடம் தெரிவியுங்கள். மருந்தின் அளவை மாற்றுவது எங்கள் பொறுப்பு.

அறையைக் குளிர்விக்கும் வழிகள்

முதல் வழி செலவற்றது: நண்பகல் முதல் மாலை வரையிலாவது நோயாளியின் கட்டிலைத் தரைத்தளத்தில் வெயில் படாத அறைக்கோ, தாழ்வாரத்துக்கோ, மரநிழலுக்கோ மாற்றுங்கள்.

அதற்கு இயலாதெனில், வெயில் கூரையைத் தொடும் முன்னரே அதைத் தடுக்க வேண்டும். கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு நிழல் வலை கட்டலாம். அவ்விடைவெளியில் காற்று ஓடுவது இன்றியமையாதது. கூரையின் மீது வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். கீற்று வேய்வதும் நல்ல பயனளிக்கும். ஆனால் அடுப்பும் மின்கம்பியும் அருகில் இருத்தலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆஸ்பெஸ்டாஸ் அட்டை மனிதரின் எடையைத் தாங்காது. அது உடைந்து கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனை உலர்ந்த நிலையில் தேய்த்தலும் கூடாது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குத் தீங்கானவை. பலகையிட்டு வேலை செய்யப் பழகியவரைக் கொண்டே இப்பணிகளை முடியுங்கள்.

வெயில் விழும் பக்கத்துச் சன்னலுக்கு வெளிப்புறம் தட்டியோ சாக்கோ தொங்கவிடுங்கள். ஆனால் எல்லாச் சன்னல்களையும் அடைத்துவிடாதீர்கள். தகரக் கூரையின் கீழ்ச் சேரும் அனல் வெளியேற எதிர்ப்பக்கம் திறந்திருக்க வேண்டும். நனைத்த சாக்கு, வறண்ட காற்றுள்ள உள்மாவட்டங்களில் நன்கு பயன்படும். புழுக்கம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அதன் பயன் குறைவு.

அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்தால், மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றையே உடலின் மீது வீசும். ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு, பின்னர் விசிறியைப் போடுங்கள்.

நீரும் மருந்தும்

நிறைய நீர் அருந்துங்கள் என்பது அனைவருக்கும் பொருந்தும் அறிவுரையன்று. இதய, சிறுநீரக நோயாளிகள் தமக்குக் குறித்த அளவைக் கோடைக்கு ஏற்ப மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. எனவே சிறுநீரகம் பழுதுற்றோர் மருத்துவரைக் கேளாமல் அதனை அருந்தலாகாது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், இன்சுலின் குப்பியை நீர் புகாத உறையிலிட்டு, நிழலில் வைத்த நீர்ப்பானைக்குள் பாதுகாக்கலாம். உறைந்துபோன இன்சுலினையோ, வழக்கத்துக்கு மாறாகக் கலங்கியோ திரிந்தோ காணப்படும் இன்சுலினையோ பயன்படுத்தாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத தருணம்

குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் ஆகியவற்றுடன் உடல் அனலாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். வியர்வை இருக்கிறதே என்று தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஊர்தி வரும்வரை நோயாளியை நிழலுக்கு மாற்றி, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். பாராசிட்டமால் இவ்வெப்பத்தைத் தணிக்காது. நினைவு தெளியாதவருக்கு வாய்வழியே எதுவும் கொடுக்காதீர்கள்.

மேற்சொன்ன முதியவரின் கட்டில் இப்போது வீட்டின் கூடத்தில் இருக்கிறது. கழிவறைக்குச் செல்லும் வழியில் பிடித்து நடக்க ஒரு கம்பி பொருத்தியிருக்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் இங்கிருந்து வீடு திரும்பும்போது, உங்கள் நோயாளி படுக்கப்போகும் அறையைப் பற்றி எங்களிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.