கையில் கொடுத்த காசும் சட்டம் கேட்கும் காசும்

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையில் எனக்கு ஒரு கட்டிடப் பொருள் கடை இருக்கிறது. 2023 ஆம் ஆண்டு ஒரு நாள் முற்பகலில், லொறியிலிருந்து சீமெந்து மூடை இறக்கிக்கொண்டிருந்த கிண்ணியாவைச் சேர்ந்த நாட்டாமைத் தொழிலாளி ஒருவர் கால் வழுக்கி விழுந்தார். தலையில் பலத்த அடி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வபாத்தானார். மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் அவருடைய உழைப்பை நம்பியே இருந்தவர்கள்.

ஊர்ப் பெரியவர்கள் இருவருடன் சென்று மூன்று இலட்சம் ரூபா கொடுத்தேன். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய கடதாசியை, இத்தாவில் இருந்த அந்தச் சகோதரிக்கு அவருடைய தம்பி மூலம் உள்ளே அனுப்பிக் கையொப்பமும் பெற்றுக்கொண்டேன். கடமை முடிந்துவிட்டதென்றே நினைத்தேன். சில மாதங்களின் பின் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதன் பின்னர் ஒரு சட்டத்தரணியிடம் நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். எமது வர்த்தகர்களில் பலர் இன்னும் நான் நினைத்தது போலவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அவர் என் ஆள் இல்லை, மூடை இறக்கும் கூட்டத்தின் தலைவர் அழைத்து வந்தவர்" என்பதே என் முதல் வாதம். அது நிற்கவில்லை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, எமது வியாபாரத்துக்குரிய வேலையை இன்னொருவரிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தாலும், அவருடைய ஆளுக்கு நேரும் விபத்துக்கு நாமும் பொறுப்பு. கொடுத்த பணத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து பின்னர் கேட்டுப் பெறலாம். நியமனக் கடிதம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாய்ப்பேச்சில் நாட்கூலிக்கு வந்தவரும் கடை வேலையில் இருக்கும்வரை வேலையாள்தான்.

இரண்டாவது வாதம் அந்தக் கடதாசி. சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக வேலையாளிடமோ அவர் குடும்பத்திடமோ எழுதி வாங்குவது செல்லாது. யார் சாட்சிக் கையொப்பம் வைத்தாலும் செல்லாது.

மூன்றாவது, நான் கொடுத்த பணம். மரணம் நேர்ந்தால் நட்டஈட்டை ஆணையாளரிடமே வைப்புச் செய்ய வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது நட்டஈடாகக் கணக்கில் சேராது. முதலில் இது எனக்கு அநியாயமாகப்பட்டது. ஆனால் காரணத்தை யோசித்துப் பாருங்கள். துக்க வீட்டில் கைக்கு வரும் பணம் கடன்காரருக்கும் உறவினருக்கும் போய்விட்டால், பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? தங்கி வாழ்ந்தவர்கள் யார் என்று விசாரித்து, அவரவர் பங்கை ஆணையாளர் தீர்மானிக்கிறார்.

2022 இல் இச்சட்டத்தில் இரண்டு முக்கிய திருத்தங்கள் வந்தன. 2005 முதல் ஐந்தரை இலட்சமாக இருந்த உச்ச நட்டஈடு 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அத்துடன், வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் சேர்க்கப்பட்டன. கிண்ணியாப் பாலத்தைக் கடந்தும் மூதூரிலிருந்தும் காலையில் மோட்டார் சைக்கிளில் வரும் எமது ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். "வீதியில் நடந்ததற்கு நான் என்ன செய்வது?" என்று இனிக் கைவிரிக்க முடியாது.

நட்டஈடு மாதச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே சம்பளப் பதிவேட்டில் குறைத்து எழுதுவது, நாளை ஒரு விதவையின் பங்கைக் குறைத்து எழுதுவதாகும். அது சட்டத்துக்கும் முரணானது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் செலுத்தும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் செலுத்தும் 3 வீதமும் வேறு கணக்கு. அவற்றைக் கட்டுவதால் நட்டஈட்டுப் பொறுப்பு நீங்கிவிடாது.

அப்படியானால் சிறிய வியாபாரி என்ன செய்வது? வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்புறுதி ஒன்று எடுங்கள். லொறிக்குக் காப்புறுதி எடுக்கும் நாம் அதில் ஏறி இறங்கும் மனிதனை மறந்துவிடுகிறோம். பத்திரத்தில் நாட்கூலி ஆட்களும் ஒப்பந்தக்காரரின் ஆட்களும் போக்குவரத்து விபத்தும் அடங்குகின்றனவா என்று கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விபத்து நேர்ந்தால் சமரசம் பேசுமுன் தொழில் திணைக்களத்தை நாடுங்கள். வைத்தியச் செலவுக்கும் மையித்துச் செலவுக்கும் உதவுங்கள். ஆனால் அதை நட்டஈடு என்று எண்ணிவிடாதீர்கள்.

நான் கடைக்குப் பின்னால் இருந்த காணித் துண்டை விற்று உரிய தொகையை வைப்புச் செய்தேன். முன்னர் கொடுத்த மூன்று இலட்சத்தை ஸதகாவாக எண்ணிக்கொண்டேன். அந்தக் கடதாசி இன்னும் என் லாச்சியில் இருக்கிறது. நடுங்கிய கையால் இடப்பட்ட அந்தக் கையொப்பத்தைப் பார்க்கும்போது, பணம் போனதைவிட அதைக் கேட்டு வாங்கியதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.