ஒரு ஸ்லைடர்... தாத்தாவின் முகம்! டிஜிட்டல் ஓவியத்தில் ‘ஒபாசிட்டி’ சூட்சுமம்

“ஏன்டா, உங்க தாத்தா ராத்திரியெல்லாம் தூங்காத மாதிரி இருக்காரே?”

இரண்டு வாரம் மெனக்கெட்டு வரைந்த ஓவியத்தை போனில் காட்டியதும் பாட்டி கேட்ட முதல் கேள்வி இது.

தாத்தாவின் திவசத்துக்குள் பிரின்ட் போட்டு, பிரேம் மாட்டி ஹாலில் வைக்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. வீட்டில் இருந்ததோ, ஓரமெல்லாம் செல்லரித்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. அதைப் பார்த்து விரலாலேயே வரைந்தேன். கண்ணுக்குக் கீழே போட்ட நிழல் கொஞ்சம் கூடிவிட்டது. குறைக்கலாம் என்று பார்த்தால், தோல் நிறமும் நிழலும் ஒரே லேயரில் ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்தை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

ஆப்பில் ஒபாசிட்டி இரண்டு இடங்களில் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன என்பது அப்போது எனக்குப் புரிந்திருக்கவில்லை.

பிரஷ் வேறு, லேயர் வேறு!

ஒபாசிட்டி 100 சதவிகிதம் என்றால், வண்ணம் அடியில் இருப்பதை முழுக்க மறைத்துவிடும். 0 என்றால் எதுவுமே தெரியாது. இடைப்பட்ட அளவுகளில் அடியில் இருப்பதும் சேர்ந்து தெரியும்.

பிரஷ் ஒபாசிட்டி என்பது வாட்டர் கலரில் தண்ணீர் கலப்பது மாதிரி. 50 சதவிகிதத்தில் ஒரு கோடு இழுத்து, கையை எடுத்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்று இழுத்தால், அந்த இடம் 75 சதவிகிதமாகிவிடும். மூன்றாவது முறை 87.5. மெல்ல மெல்ல நிழல் ஏற்ற இது அருமையான வழி. ஆனால், காகிதத்தில் காய்ந்த வண்ணம் போல, போட்டது போட்டதுதான். பிறகு ஸ்லைடரைக் குறைத்தாலும் பழைய கோடு மாறாது.

லேயர் என்பது படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள். அதன் ஒபாசிட்டியைக் குறைத்தால், அந்தத் தாளில் வரைந்த எல்லாமே ஒன்றாக மங்கும். கூட்டினால் அப்படியே திரும்ப வரும். 1994-ல் போட்டோஷாப் 3.0-வில் லேயர் வசதி வந்தது. இன்று ஐபிஸ் பெயின்ட், கிரிட்டா, புரோகிரியேட் என எதைத் திறந்தாலும் இந்த இரண்டு ஸ்லைடர்களும் இருக்கின்றன.

நீங்களும் செய்து பாருங்கள்

* பென்சில் ஸ்கெட்ச்சைத் தனி லேயரில் போட்டு, ஒபாசிட்டியை 20 - 30 சதவிகிதத்துக்குக் குறையுங்கள். அதற்கு மேல் புது லேயரில் கோடு எடுங்கள். பட்டர் பேப்பர் வைத்து டிரேஸ் எடுப்பது போல சுலபம்.

* நிழலுக்குத் தனி லேயர் கட்டாயம். அதை ‘மல்டிப்ளை’ மோடில் வைத்தால், அடியில் இருக்கும் தோல் நிறம் கறுத்துத் தெரியுமே தவிர, மறையாது. முதலில் கொஞ்சம் அழுத்தமாகவே வரைந்துவிட்டு, பிறகு லேயர் ஸ்லைடரால் குறைத்துக்கொள்ளலாம்.

* எவ்வளவு தீட்டினாலும் நிறம் ஏறவில்லையா? லேயர் ஒபாசிட்டியைப் பாருங்கள். லேயர் 50-ல் இருந்தால், 50 சதவிகித பிரஷ் கோடு 25 சதவிகிதமாகத்தான் தெரியும்.

* லேயர்களை ‘மெர்ஜ்’ செய்து ஒன்றாக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். சேர்த்து சேவ் செய்தபிறகு பிரிப்பது கஷ்டம்.

இரண்டாவது முறை, நிழலைத் தனி லேயரில் வரைந்தேன். அளவை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து போனைக் கையில் கொடுத்தேன். ஸ்லைடர் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். 60... 50... 40... தாத்தாவின் களைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது.

35-ல் பாட்டியின் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னார், “இப்பதான்டா அவர் மாதிரி இருக்கு!”