45 லட்சம் டாலருக்காகக் கைநழுவிய தாடிக்காரர்! 13 ஆண்டு கழித்துக் கோப்பை வாங்கிய கூடைப்பந்து கிளப்பின் கதை

ஒரு கூடைப்பந்து கிளப். அதில் நான்கு இளம் வீரர்கள். நான்கு பேரும் சூரப்புலிகள். அகில அமெரிக்க இறுதிப் போட்டி வரை கிளப்பைத் தூக்கிச் சென்றபோது நால்வரில் ஒருவருக்குக்கூட 24 வயது ஆகவில்லை!

கோடை வந்தது. சம்பளப் பேச்சு வந்தது. மூன்று பேருக்குத்தான் கட்டுப்படியாகும் என்று கிளப் கணக்குப் பார்த்தது. நான்காவது ஆளை அனுப்பிவிட்டது.

இது நடந்தது 2012-ல். இடம்: அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி. கிளப்பின் பெயர் தண்டர். அதாவது இடி. அந்த இடி கடைசியில் கிளப்பின் தலையிலேயே விழுந்தது.

நால்வர்

கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாகா. இவர்கள்தான் அந்த நான்கு பேர். எல்லோரும் புதுமுகங்களாகச் சேர்ந்தவர்கள். புதுமுகம் என்றால் சம்பளம் குறைவு. ஆட்டம் பெரிது, கவர் சிறிது. எந்த முதலாளிக்குத்தான் கசக்கும்?

2012 ஜூன் மாதம் இறுதிப் போட்டி. எதிரி மியாமி ஹீட். முதல் ஆட்டத்தில் தண்டர் வென்றது. அடுத்த நான்கிலும் வரிசையாகத் தோற்றது. இருந்தாலும் ஊரில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பையன்களுக்கு வயது இருக்கிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

டுரான்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் ஏற்கெனவே பெரிய ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆகஸ்டில் இபாகாவுக்கு 4 ஆண்டுக்கு சுமார் 4 கோடியே 80 லட்சம் டாலர் பேசி முடித்தார்கள். பாக்கி இருந்தவர் ஹார்டன். நெஞ்சு வரை தாடி வளர்த்தவர். அந்த ஆண்டின் சிறந்த மாற்று வீரர் என்ற விருதும் வாங்கியிருந்தார்.

அவர் கேட்டது 4 ஆண்டுக்கு சுமார் 6 கோடி டாலர். விதிப்படி அவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சத் தொகை அது. கிளப் கொடுக்க முன்வந்தது, அப்போது பத்திரிகைகளில் வந்த கணக்குப்படி, சுமார் 5 கோடியே 55 லட்சம். வித்தியாசம் 45 லட்சம் டாலர். அதுவும் நான்கு ஆண்டுக்குச் சேர்த்து!

"அட, கோடிக்கணக்கில் புரளுகிறவர்களுக்கு இது ஒரு காசா?" என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

அபராதக் கோடு

என்.பி.ஏ. என்கிற அந்தப் போட்டி அமைப்பு, கிளப்புகளின் சம்பளச் செலவுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. 2012-13 சீசனில் அந்தக் கோடு சுமார் 7 கோடியே 3 லட்சம் டாலர். தாண்டினால் வரி. பெயர் சொகுசு வரி, உண்மையில் அபராதம்தான். பழைய விதிப்படி, ஒரு டாலர் தாண்டினால் ஒரு டாலர் வரி. 2011-ல் போட்ட புதிய ஒப்பந்தம் இதைக் கடுமையாக்கியது. 2013-14 சீசனிலிருந்து முதல் 50 லட்சத்துக்கு ஒன்றரை மடங்கு, அடுத்த 50 லட்சத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு, அதற்கு மேல் போகப் போக ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிளப் கோட்டைத் தாண்டி 1 கோடி டாலர் சம்பளம் கொடுத்தால், வரி மட்டும் 1 கோடியே 62 லட்சத்து 50 ஆயிரம். ஆளுக்குக் கொடுப்பதை விட அபராதம் அதிகம்! ஓக்லஹோமா சிட்டி, நியூயார்க் போலப் பெரிய பட்டணமும் அல்ல. கிளப் நிர்வாகி சாம் பிரெஸ்டி பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் வேறு வழி இருந்தது. அதே புதிய ஒப்பந்தத்தில் ஒரு சலுகை. ஒரே ஒரு வீரரை விடுவித்து, அவருடைய சம்பளத்தை வரிக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். கென்ட்ரிக் பெர்கின்ஸ் என்ற பெரிய உருவத்துக்காரரை அப்படி விடுவித்து ஹார்டனை வைத்திருக்கலாமே என்று விமர்சகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கிளப் அந்தச் சலுகையைக் கடைசி வரை தொடவே இல்லை.

அக்டோபர் 31 கெடு. அதற்கு நான்கு நாள் முன்பு, 27-ந் தேதி, ஹார்டனை ஹூஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசித் தொகைக்குச் சரி சொல்ல ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்று ஹார்டன் பிறகு குமுறினார். பதிலுக்கு வந்தது கெவின் மார்ட்டின், ஜெரமி லாம்ப், சில புதுமுகத் தேர்வு வாய்ப்புகள்.

ஹூஸ்டன் சும்மா இருக்குமா? 5 ஆண்டுக்கு 8 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே தாடிக்காரர் 37 புள்ளி. அடுத்த ஆட்டத்தில் 45!

மார்ட்டின் ஒரே சீசனில் மூட்டை கட்டினார். வந்த தேர்வு வாய்ப்புகளில் ஒன்றில் ஸ்டீவன் ஆடம்ஸ் என்ற நல்ல ஆட்டக்காரர் கிடைத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு சீசனின் தலைசிறந்த வீரர் விருதை 2014-ல் டுரான்ட் வாங்கினார். 2017-ல் வெஸ்ட்புரூக். 2018-ல் ஹூஸ்டன் சட்டையில் ஹார்டன். மூன்று பேரும் ஒரு காலத்தில் ஒரே கிளப்பில் சம்பளம் வாங்கியவர்கள். மூவரையும் வைத்துக்கொண்டு தண்டர் ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. 2016-ல் டுரான்டும் ஒப்பந்தம் முடிந்து கோல்டன் ஸ்டேட் கிளப்புக்குப் போனார். அதில் தண்டருக்குப் பதில் ஆள்கூடக் கிடைக்கவில்லை.

கை மாறிய சரக்கு

இனிமேல்தான் வேடிக்கை. ஹார்டனை விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்ட இபாகா என்ன ஆனார்?

2016 ஜூனில் அவரை ஆர்லாண்டோவுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்களில் விக்டர் ஒலாடிப்போ, டொமான்டஸ் சபோனிஸ் இருவர். அடுத்த கோடையில் இந்த இருவரையும் இந்தியானாவுக்குக் கொடுத்து பால் ஜார்ஜை வாங்கினார்கள். 2019-ல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸ் கிளப்புக்குக் கொடுத்தார்கள். அதற்கு வந்த விலை: கனடாக்கார இளைஞர் ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர், இன்னொரு வீரர், முதல் சுற்றுப் புதுமுகத் தேர்வு வாய்ப்பு ஐந்து. அந்த வாய்ப்புகளில் ஒன்றில் 2022-ல் வந்தவர்தான் ஜாலன் வில்லியம்ஸ்.

பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குவார்களே, அப்படி. ஆனால் இங்கே ஒவ்வொரு முறையும் பாத்திரம் பெரிதாகிக்கொண்டே போனது.

2024-25 சீசனில் தண்டர் ஆடியது 82, வென்றது 68. ஜூன் 22-ந் தேதி இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானாவைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. சீசனின் தலைசிறந்த வீரர், இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் இரண்டுமே ஷாய். எதிரணியான இந்தியானாவும் சளைத்ததல்ல. தண்டரிடம் வாங்கிய அதே சபோனிஸைக் கொடுத்துத்தான் தன் தளபதி ஹாலிபர்ட்டனை 2022-ல் வாங்கியிருந்தது!

ஜூலை மாதத்துக் கையெழுத்து

கோப்பை வந்த கையோடு மறுபடியும் அதே பழைய கேள்வி. மூன்று இளைஞர்கள், மூன்று பேருக்கும் உச்ச சம்பளம். 2012-ல் செய்தது போல் பேரம் பேசுவார்களா?

பேசவில்லை. 2025 ஜூலையிலேயே மூன்று கையெழுத்தும் விழுந்தன. ஷாய்க்கு 4 ஆண்டுக்கு 28 கோடியே 50 லட்சம் டாலர். ஜாலன் வில்லியம்ஸுக்கு 5 ஆண்டுக்கு 28 கோடியே 70 லட்சம் வரை. உயரமான செட் ஹோம்கிரெனுக்கு 5 ஆண்டுக்கு 25 கோடி வரை. மொத்தம் 82 கோடியைத் தாண்டுகிறது. நிர்வாகி அதே சாம் பிரெஸ்டிதான். ஆள் மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

மாறியதற்கு ஊரும் ஒரு காரணம். 2023 டிசம்பரில் அந்த நகர மக்களிடம் ஓட்டு கேட்டார்கள். புதிய விளையாட்டு அரங்கம் கட்ட, டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரியை 6 ஆண்டுக்கு நீட்டிக்கலாமா? நூற்றுக்கு 70 பேருக்கு மேல் சரி என்றார்கள். செலவு குறைந்தது 90 கோடி டாலர். இதில் முதலாளிகள் போடுவது 5 கோடி! சோப்பு வாங்குகிறவரும் செருப்பு வாங்குகிறவரும் மீதியைக் கட்டுகிறார்கள். பதிலுக்கு 2050 வரையாவது கிளப் ஊரை விட்டுப் போகாது என்று ஒப்பந்தம். இந்தக் கிளப்பே 2008-ல் சியாட்டில் நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டு வரப்பட்டதுதான். இழப்பது எப்படி என்பதை சியாட்டில்காரர்களைப் பார்த்தே ஊர் தெரிந்துகொண்டது. அத்தனை பேரிடம் வரி வாங்கிவிட்டு, வீரரிடம் சில்லறைக்குப் பேரம் பேசினால் கடைத்தெருவில் கிளப்புக்கு மரியாதை இருக்காது.

ஆனால் பில் வராமல் போகாது. வில்லியம்ஸ், ஹோம்கிரென் ஒப்பந்தங்கள் 2026-27 சீசனில் தொடங்குகின்றன. ஷாயின் ஒப்பந்தம் அதற்கு அடுத்த சீசனில். இதற்குள் 2023-ல் இன்னொரு விதியும் வந்துவிட்டது. அபராதக் கோட்டுக்கும் மேலே இரண்டாவது கோடு ஒன்று. அதைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து ஒரு பெரிய வீரரை வாங்கக்கூடாது. ஏழு ஆண்டு கழித்து வரும் புதுமுகத் தேர்வு வாய்ப்பைக்கூட முடக்கிவிடுவார்கள்.

ஆகவே கத்தி தொங்குவது முதல் மூவர் தலையில் அல்ல, அடுத்த வரிசையில். ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனுக்கு 2026-27-ல் சுமார் 2 கோடியே 85 லட்சம் டாலர். லூ டோர்ட்டுக்கு சுமார் 1 கோடியே 80 லட்சம். இருவர் ஒப்பந்தத்திலும் அந்தக் கடைசி ஆண்டு கிளப்பின் விருப்பம் என்றுதான் எழுதியிருக்கிறது. வேண்டும், வேண்டாம் என்று கிளப் சொல்ல வேண்டிய கெடு 2026 ஜூன் கடைசி.

இதில் டோர்ட் 2019-ல் புதுமுகத் தேர்வில் எந்தக் கிளப்பும் சீண்டாத ஆள். தற்காலிக ஒப்பந்தத்தில் தண்டரில் நுழைந்தார். எதிரணியின் முதல்தர வீரரை ஒட்டிக்கொண்டு மறிப்பதுதான் அவர் வேலை. கோப்பை வாங்கிய சீசனில் என்.பி.ஏ.யின் சிறந்த தடுப்பாட்ட ஐவரில் ஒருவராகத் தேர்வானார்.