ஊவாத் தோட்டங்களில் முதுமை: அரசிடம் கோரக்கூடியது எது?

முதியோருக்கும் ஆதரவற்றோருக்கும் அரசு மாதந்தோறும் வழங்கிவரும் உதவித்தொகையை எமது மக்கள் 'பிச்சைச் சம்பளம்' என்றே அழைத்து வந்துள்ளனர். அரச படிவங்களில் அதற்குப் பொதுசன மாதாந்த உதவிப்பணம் என்ற கௌரவமான பெயர் உண்டு. ஆயினும் பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் மக்களின் வாயில் நிலைத்தது முன்னைய பெயரே. பிச்சை கேட்கக் கூசாதவர் எவருமில்லை. அதனை மறுப்பவர் காரணம் கூறவேண்டிய அவசியமும் இல்லை. உரித்து எனில் நிலைமை வேறு. தமக்கு உரித்தானது எது, எத்தகைமையின் பேரில் அது கிடைக்கும் என்பதைத் தோட்டத்து முதியோரும் அவர்தம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டியது அவசியமாகும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 60 வயதை அடைந்த எவரையும் முதியவராகக் கொள்கின்றது. முதியோருக்கான தேசிய சபையும் முதியோர் தேசிய செயலகமும் இச்சட்டத்தின் வழி உருவானவை. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர், தம் பிள்ளைகளிடமிருந்து தாபரிப்புப் பணம் கோரி விண்ணப்பிப்பதற்கென ஒரு சபையும் அதில் ஏற்படுத்தப்பட்டுள்ளது. இச்சட்டம் எல்லாச் சமூகத்தினருக்கும் பொதுவானது. முஸ்லிம் வாசகர்கள் சிலர் தாபரிப்பு என்றதும் காழி நீதிமன்றத்தையே நினைவுகூர்வர். மனைவி, பிள்ளைகளின் தாபரிப்பு அங்கு விசாரிக்கப்படுவது உண்மையே. பெற்றோரின் கோரிக்கைக்குரிய இடமோ மேற்குறித்த சபையாகும். தான் பெற்ற மகன் மீது தாய் முறைப்பாடு செய்வது எளிதான காரியமன்று என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அத்துடன் மகனும் நாட்கூலியாக இருக்கும் லயன் அறையில் எந்தச் சபையும் பெரிதாக எதனையும் பெற்றுத்தந்துவிட முடியாது.

அடுத்தது பணக் கொடுப்பனவு. 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த அஸ்வெசும திட்டத்தின் கீழ், வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த 70 வயதைக் கடந்தோருக்குரிய கொடுப்பனவும் கொண்டுவரப்பட்டது. 2,000 ரூபாவாக இருந்த அத்தொகை 2024இல் 3,000 ரூபாவாகவும் 2025 ஏப்ரலில் 5,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அங்கவீனமுற்றோருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் உரிய தொகை 2025இல் 10,000 ரூபாவாக்கப்பட்டது. பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த ஒரு முதியவர் எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிப்பது நன்று என்பதைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் தொடக்கத்திலேயே கேட்டறிவது நல்லது.

இங்குள்ள வயதுக் கணக்கைச் சற்று நோக்குவோம். சட்டத்தின்படி ஒருவர் 60இல் முதியவர். கொடுப்பனவின்படி 70இல் முதியவர். ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கு ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. மலைச்சரிவில் கூடை சுமந்து கொழுந்தெடுத்த பெண்ணுக்கு முழங்காலும் முதுகும் ஐம்பதிலேயே ஓய்வு கேட்கின்றன. அவ்வயதில் வேலையை விட்டுச் சேமலாப நிதியைப் பெற்றுக்கொள்பவர், முதியோர் கொடுப்பனவுக்கு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பேர் வெட்டப்பட்ட பின்னரும் 'கைக்காசு'க்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் மூதாட்டிகளை ஊவாத் தோட்டங்களில் காண்பதற்கு இதுவே காரணம்.

ஓய்வூதியம் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு இருப்பவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, தொழிலாளி 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் செலுத்தும் சேமலாப நிதி. மற்றையது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் வழியான பணிக்கொடை. ஐந்தாண்டு சேவையைப் பூர்த்திசெய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட்களின் சம்பளம் என்பது அதன் கணக்கு. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவை இறுதிச் சம்பளமாகக் கொண்டால் ஆண்டொன்றுக்கு 18,900 ரூபா. முப்பதாண்டுச் சேவைக்கு 5,67,000 ரூபா. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் இது செலுத்தப்பட வேண்டும். தவறினால் மேலதிகக் கட்டணமும் சேரும். தாமதம் ஏற்படின் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். இப்பணம் கைக்கு வந்ததும் மகளின் திருமணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ கரைந்துவிடுவது நாம் அறிந்ததே. அதற்காக எவரையும் குறைகூறுவதற்கில்லை.

இவை அனைத்தையும் விடப் பெரிய தடை பத்திரங்களே. இன்று 75 வயதிலிருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளி, 1948 நவம்பர் 15ஆம் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்த பின்னர் பிறந்தவர். அச்சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட முனைந்தது. எஞ்சியோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்வுக்கு வந்தது. அதாவது அவர் தமது ஐம்பதுகளை அடைந்த பின்னரும் 'நான் இந்நாட்டவன்' என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருந்திருக்கலாம். அத்தகையோரிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எங்கே எனக் கேட்பதும், அதனைக் காட்டாதவிடத்து 70 வயது நிரூபிக்கப்படவில்லை என்பதும் முறையாகுமா?

முறையோ இல்லையோ, இப்போதைக்கு அதுவே நடைமுறை. பிறப்புப் பதிவு கிடைக்காதவர்கள், பதிவேட்டில் தேடியும் இல்லை என்ற சான்றைப் பெற்று, அதன் பின்னர் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். பழைய பாடசாலைப் பதிவு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, தோட்ட அலுவலகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் ஆகியவை இதற்கு உதவும். தோட்டத்தில் வசிப்போரின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தும் முறையும் உண்டு.

பெயர்ச் சிக்கல் இன்னொரு தொல்லை. செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்துமாரி, வங்கிப் புத்தகத்தில் சிங்கள எழுத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வந்த மூன்றாவது பெயர். வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களிலும் இதே கதைதான். முகம்மது ஓரிடத்தில் முஹம்மத், வேறோரிடத்தில் மொஹமட். மூன்றும் ஒருவரே என்பதை நிரூபிக்கும் வரையில் சேமலாப நிதியும் அசையாது, கொடுப்பனவும் அசையாது. ஓய்வு பெறுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரேனும் இதனைச் சரிபார்த்துக்கொள்வோருக்கு அலைச்சல் பாதியாகக் குறையும்.

இத்தனையும் கைகூடினாலும் கிடைப்பது பணமே, பராமரிப்பு அன்று. நீண்டகாலப் பராமரிப்பு என்பது நோயாளியைத் தூக்கி அமர்த்தவும் குளிப்பாட்டவும் உணவூட்டவும் படுக்கைப்புண் வராது புரட்டிப் படுக்கவைக்கவும் நாள்தோறும் ஒருவர் இருப்பதாகும். பதுளை போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் சிகிச்சை முடிந்து லயனுக்குத் திரும்பிய நாளிலிருந்து அப்பொறுப்பு மகளுடையது. மாதம் 25 நாள் வேலை என வைத்துக்கொண்டால், தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கும் மகள் 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா வீதப்படியே 33,750 ரூபாவை இழக்கின்றாள். அரசு தருவது 5,000 ரூபா. ஊவா மாகாணத்தில் கதிர்காமத்தில் அரச முதியோர் இல்லம் உண்டு. எனினும் இத்தகைய இல்லங்கள் ஆதரவற்றோருக்கானவை. அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளக் கூடியவரையே பெரும்பாலும் ஏற்பவை. படுக்கையில் கிடப்பவருக்கு அங்கு இடம் கிடைப்பது அரிது. அப்புத்தளையிலிருந்து கதிர்காமம் வரை சென்று தாயைப் பார்த்துவர ஒரு நாள் சம்பளமும் பஸ் கட்டணமும் வேண்டும்.

ஜப்பான் 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை ஆரம்பித்தது. நாற்பது வயதிலிருந்து அனைவரும் சந்தா செலுத்துகின்றனர். 65 வயதைக் கடந்தவர் விண்ணப்பித்தால் உள்ளூராட்சி அலுவலர் வீட்டுக்கே வந்து, அவருக்கு எவ்வளவு உதவி தேவை எனப் பார்த்த பின்னர் தரம் நிர்ணயிக்கப்படுகின்றது. பிள்ளைகள் உண்டா, வருமானம் எவ்வளவு என்பவை அத்தரத்தைத் தீர்மானிப்பதில்லை. நமது அஸ்வெசும விண்ணப்பமோ 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பத்தின் வறுமையை அளக்கின்றது. எழுந்து நடக்க இயலாத தாய்க்கு ஆள் துணை எவ்வளவு வேண்டும் என்பதை அளப்பது அதன் நோக்கமன்று.

ஜப்பானின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் கேரளம் அவ்வாறன்று. மலப்புறத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் தொண்டர்களாக இணைந்து வளர்த்த வீட்டுப் பராமரிப்பு இயக்கத்தின் அனுபவத்தில், 2008இல் மாநில அரசு தணிப்புப் பராமரிப்புக் கொள்கையொன்றை வெளியிட்டது. இன்று அங்கு ஊராட்சியின் செலவில் தாதியர் படுக்கை நோயாளரின் வீடு தேடிச் செல்கின்றனர்.

இங்கும் வாயில் முற்றாக அடைபட்டிருக்கவில்லை. தோட்டங்களுக்குள் பணம் செலவிட இயலாது எனப் பிரதேச சபைகள் நெடுங்காலம் கூறிவந்த காரணம், 2018ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துடன் நீங்கிவிட்டது. ஆலய, பள்ளிவாசல் நிருவாகங்களும் ஸகாத் நிதியத்தினரும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்து தமது பிரதேச சபையிடம் ஒரு தாதியையும் ஒரு வாகனத்தையும் கோரலாம். பிள்ளை மடுவம் நூற்றாண்டுக்கு மேற்பட்ட தோட்ட ஏற்பாடு. தாய் மலைக்குச் செல்லவேண்டும் என்பதற்காகவே தோட்டம் அவளது பிள்ளையைப் பார்த்துக்கொண்டது. இப்போது அவளை மலைக்குச் செல்லவிடாது வீட்டில் நிறுத்துவது பிள்ளை மட்டுமன்று, படுக்கையில் இருக்கும் தாயும்தான். பிள்ளைகளின் தொகை குறைந்து பாதி வெறிதாகக் கிடக்கும் மடுவங்களில், பகல் வேளையில் முதியோருக்கு ஓர் அறையும் ஓர் ஆயாவும் ஏற்படுத்த முடியுமா என்ற கேள்வியைத் தோட்ட முகாமைத்துவத்துடனான அடுத்த பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் எழுப்பலாம்.